தத்தெடுத்த ஊர்ப் பலகைக்கு அப்பால்

கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கத்திலிருந்து வந்து முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: “சமூக நீதி, சமூகப் பங்களிப்பு என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்போது அறிக்கை எழுதுகின்றன. எங்கள் கல்லூரிகூட ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து, ஊர் எல்லையில் பலகை வைத்திருக்கிறது. இதனால் மலையில் இருப்பவர்களுக்கு நிஜமாகவே ஏதாவது மாறுமா? மாறும் என்றால் எதனால்?”

மாறும். ஆனால் அறிக்கையில் வண்ணப் படத்தோடு வரும் பக்கத்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. யாருக்கு இடம் கிடைக்கிறது, சேர்ந்த பிள்ளை தீபாவளி விடுமுறைக்குப் பிறகும் வகுப்புக்குத் திரும்பி வருகிறதா, ஆய்வுக்கான கேள்வியை யார் முடிவு செய்கிறார்கள், ஆய்வு முடிந்ததும் அது யார் கைக்குப் போகிறது. யாரும் படம் பிடிக்காத இந்த அன்றாட வேலையில்தான் விஷயம் இருக்கிறது.

முகாம்களைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. பின்னர் வந்த உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஐந்து கிராமங்களையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்தார்கள். இதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். சமவெளியில் வளர்ந்த பிள்ளைக்கு, மலையில் ஒரு குடம் தண்ணீர் எவ்வளவு தூரம் நடக்க வைக்கிறது என்று தன் காலால் தெரிந்துகொள்வது நல்ல படிப்பு. ஆனால் அங்கே பலன் பெறுவது பெரும்பாலும் மாணவர்தான். ஊருக்கு மிஞ்சுவது சில மரக்கன்றுகளும் அந்தப் பலகையும். ஏழு நாளில் ஊரைத் திருத்தப் போகிறோம் என்று யாராவது மேடையில் பேசினால், போண்டா சாப்பிட்டுவிட்டு அமைதியாக வந்துவிடுங்கள்.

சரி, கல்லூரி வாசலுக்கு, அதாவது சேர்க்கைக்கு, வருவோம்.

தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். மாநில மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 2011 கணக்கெடுப்பில் 1.1 சதவீதம் என்பதால் காகிதத்தில் இது ஏறக்குறையச் சரியாகத் தெரியும். ஆனால் நீலகிரி மாவட்டத்தை மட்டும் எடுத்தால் அந்தப் பங்கு சுமார் 4.5 சதவீதம். மாநிலம் முழுவதற்கும் போட்ட கணக்கு, மலையில் இருக்கும் கல்லூரிக்கும் அதே அளவில்தான் வருகிறது. 60 பேர் கொண்ட வகுப்பில் 1 சதவீதம் என்றால் முழுதாக ஒரு இடம்கூட ஆகாது. மலைப்பகுதிக் கல்லூரிகளாவது தங்களைச் சுற்றி யார் வாழ்கிறார்கள் என்று பார்த்துச் சேர்க்கைக்கு ஆள் தேடிப் போக வேண்டும். விண்ணப்பம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வராது.

ஏன் வராது? மார்க் குறைவு என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். பல வீடுகளில் மார்க்குக்கு முன்னால் சான்றிதழ் நிற்கிறது. பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பாவிடம் சான்று இருந்தால் பிள்ளைக்கு எளிது. அப்பா பள்ளிக்கூடமே போகாதவராக, தேன் எடுத்தும் கடுக்காய் பொறுக்கியும் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போயும் வாழ்ந்தவராக இருந்தால், அவரிடம் என்ன காகிதம் இருக்கும்? கொடைக்கானல் கீழ்மலையில் இருக்கும் பளியர் குடியிருப்பிலிருந்து கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். விசாரணைக்கு இன்னொரு நாள் வரச் சொன்னால் அதுவும் போகும். பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை, சமூகப் பணித் துறை, சட்டம் படித்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்கு ஒரு வருடம் முன்பே, அந்தந்தக் குடியிருப்புக்குப் போய் யாருக்குச் சான்று இல்லை என்று பட்டியல் எடுத்து, மனுவை எழுதிக் கொடுத்து, அலுவலகம் வரை கூடவே போனால், அது பத்து கருத்தரங்கைவிடப் பெரிய வேலை. இதற்குத் தனி நிதிகூட வேண்டாம்.

வாசலைத் தாண்டிய பிறகு முதல் ஆறு மாதம்தான் கண்டம். பளியர், இருளர், பணியர் வீட்டுப் பிள்ளைகள் தம் குடும்பத்திலோ ஊரிலோ முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறார்கள். வீட்டில் பேசும் மொழி வேறு, பாடப்புத்தகத் தமிழ் வேறு, கல்லூரியில் திடீரென்று ஆங்கிலம். உதவித்தொகை வந்தால்தான் விடுதிக் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலை. அது தாமதமானால் மெஸ் பாக்கி என்று அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டப்படுகிறது. அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வருவதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024-இல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. மாதாமாதம் மாணவரின் கணக்குக்கே நேராக வரும் காசு என்பதால் இதன் மதிப்பு தொகையைவிடப் பெரியது. பல்கலைக்கழகம் தன் பங்குக்குச் செய்யக்கூடியது, உதவித்தொகை வரும்வரை பாக்கியைக் கேட்காமல் இருப்பது. அப்புறம், பஸ் நேரத்துக்கு ஏற்ப முதல் வகுப்பை வைப்பது. மழைக்காலத்தில் மலைச் சாலையில் மண் சரிந்தால் தாண்டிக்குடியிலிருந்து யார் ஒன்பது மணிக்கு வர முடியும்?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதைச் சென்னையிலோ மதுரையிலோ வைக்காமல் கொடைக்கானலில் வைத்தார்கள். பஸ், குளிர், தூரம் என்று இதனால் வரும் சிரமங்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இருந்தாலும், பெண் பிள்ளையைக் கீழே அனுப்ப யோசிக்கும் மலைக் குடும்பங்களுக்குப் படிப்பு வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது என்பது எந்த அறிக்கையிலும் முழுதாக எழுத முடியாத பலன். ஒரு நிறுவனத்தை எங்கே கட்டுகிறோம் என்பதும் சமூக நீதிதான்.

இனி ஆய்வு. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நீலகிரியைப் போல ஆராயப்பட்ட மலை இந்தியாவில் அதிகம் இல்லை.

கேம்பிரிட்ஜிலிருந்து ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் 1901-02 வாக்கில் வந்து, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களிடையே தங்கினார். 1906-இல் கனமான புத்தகம் ஒன்றை வெளியிட்டார். மானிடவியல் படிப்பவர்கள் இன்றுவரை அதைப் புரட்டுகிறார்கள். 1930-களில் எமனோ என்ற மொழியியலாளர் வந்து தோடர், கோத்தர் மொழிகளைப் பதிந்தார். பின்னாளில் பெர்க்லியில் பேராசிரியராக இருந்து, தோடர் பாடல்களைப் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். இவையெல்லாம் மேலான வேலைகள். எமனோ எழுதிவைக்காமல் போயிருந்தால் அந்தப் பாடல்களில் எத்தனை இன்று இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பாடியவரின் பேத்தி அந்தப் பாட்டைத் தேடினால், அது ஆங்கிலத்தில், விலை உயர்ந்த புத்தகத்தில், ஏதோ ஒரு நூலகத்தில் கிடக்கிறது.

இதைவிட உறுத்துவது இரத்தத்தின் கதை. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகை இந்தியாவிலும் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நீலகிரியில்தான். லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடியினரிடம் இரத்தம் எடுத்துப் பார்த்து 1952-இல் எழுதினார்கள். அறிவியலுக்கு அது பெரிய செய்தி. அந்த நோயை ஒழிக்கத் தேசிய அளவில் இயக்கம் தொடங்கியது 2023-இல். நடுவில் 71 வருடங்கள். அந்த இடைவெளியில் இங்கே நோயாளியைத் தேடிப் பரிசோதித்து மருந்து கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம், கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை நடத்தும் அஸ்வினி போன்ற அமைப்புகள்தான் முன்னால் நிற்கின்றன. நோயைக் கண்டுபிடித்த ஆய்வு உலகத்துக்கும், இரவு மூட்டுவலியில் அழும் பணியர் வீட்டுக் குழந்தைக்கும் நடுவே யாரோ ஒருவர் பாலம் போட்டிருக்க வேண்டும். போட்டது சிறிய அமைப்புகள்.

இப்போது ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று, திண்டுக்கல் இன்னொன்று. 2025-இல் அதன் 700 படுக்கை மருத்துவமனை திறந்தபோது பழங்குடியினருக்கெனத் தனி வார்டும் வைத்தார்கள். வார்டு நல்லதுதான். அதைவிட நான் எதிர்பார்ப்பது, அங்கே படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அரிவாள் செல் நோயைப் பாடத்தின் ஓரத்தில் அரைப் பக்கமாகப் படிக்காமல், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் போய் நோயாளியின் வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வழியில் ஒரு பணியரோ காட்டுநாயக்கரோ மருத்துவராகி இதே மலைக்குத் திரும்பினால் நான் மேலே சொன்ன பாலத்தைத் தேட வேண்டியிருக்காது.

வெளியூர்ப் பல்கலைக்கழகம் என்றாலே சுரண்டல் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கோத்தகிரியில் கீஸ்டோன் என்ற தொண்டு நிறுவனம் தேன், காடு, பழங்குடி வாழ்வாதாரம் ஆகியவற்றில் நெடுங்காலம் வேலை செய்துவருகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் அவர்களோடு சேர்ந்து 2015-இல் ஒரு களக் கல்வி மையம் தொடங்கியது. அதன் அமைப்பு எளிமையானது, ஆனால் யோசிக்க வைப்பது: கார்னெல் மாணவரும் நீலகிரிப் பழங்குடி இளைஞரும் ஒரே வகுப்பில் சக மாணவர்களாக உட்கார்ந்து படிப்பார்கள். பிறகு சேர்ந்தே ஊருக்குள் போய் ஆய்வு செய்வார்கள். இதில் உள்ளூர் இளைஞர் வழிகாட்டியோ மொழிபெயர்ப்பாளரோ கிடையாது, அவரும் ஆய்வாளர். கேள்வியை அவரும் வடிவமைக்கிறார். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் இதைச் செய்ய விமானம் ஏற வேண்டியதில்லை. கோவையிலிருந்து பஸ் ஏறினால் போதும். இருந்தும் பழங்குடி இளைஞரை நாம் இன்னும் ‘தகவலாளி’ என்றே ஆய்வேட்டில் எழுதுகிறோம், நன்றியுரையில் கடைசி வரியில் ஒரு பெயர்.

உங்கள் மலைப் பூண்டுக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த உதாரணம் அது. பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கூக்கால் பக்கத்துக் காரமான சின்னப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு (ஒரு பொருளின் பெயரை அது விளையும் இடத்துக்கே உரியதாக்கும் அரசுப் பதிவு) கிடைத்தது. அதற்கான வேலையில் அன்னை தெரசா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்குப் பங்கு உண்டு. அந்தப் பூண்டு மற்ற பூண்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று காட்டுவது, எங்கே விளைகிறது என்று வரையறுப்பது, பழைய சான்றுகளைத் திரட்டுவது எல்லாம் விவசாயி ஒருவரால் தனியாக முடிகிற காரியம் இல்லை. ஆய்வுக்கூடம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. செய்தார்கள். பாராட்ட வேண்டும்.

ஆனால் குறியீடு கிடைத்ததும் பூண்டு தானாக விலை ஏறிவிடாது. அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்த, ஒவ்வொரு விவசாயியும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தன் பெயரைப் பதிய வேண்டும். அதற்கான கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். கட்டணம் தடையே இல்லை. படிவம் தடை, அதை எங்கே கொடுப்பது என்று தெரியாதது தடை. பதியாதவரின் பூண்டு கீழே சமவெளியில் உள்ள வடுகபட்டிச் சந்தைக்குப் போய் வேறு பூண்டோடு கலந்தால் அங்கே மலைப் பூண்டு என்ற பெயர் இருக்கும், விலையின் பலன் மலைக்கு வராது. கொடைக்கானல் கடைவீதியில் வட இந்தியப் பூண்டை மலைப் பூண்டு என்று சுற்றுலாப் பயணிக்கு விற்பதையும் தடுக்க முடியாது. ஆக, பல்கலைக்கழகத்தின் வேலை சான்றிதழோடு பாதியில் நிற்கிறது. மீதிப் பாதி, ஒவ்வொரு ஊரிலும் உட்கார்ந்து படிவம் நிரப்புவது. இதில் ஆய்வுக் கட்டுரை வராது, பேராசிரியருக்குப் பதவி உயர்வுப் புள்ளியும் வராது. அதனால்தான் யாரும் செய்வதில்லை. சமூகப் பங்களிப்பை ஒரு பல்கலைக்கழகம் மதிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதன் பதவி உயர்வு விதிகளைப் படித்தால் போதும்.

நீலகிரியில் தோடர் பூத்தையலுக்கு 2013-இல் குறியீடு வாங்கியபோது தோடர்களின் சங்கமே விண்ணப்பதாரர்களில் ஒன்றாக இருந்தது, கீஸ்டோனும் தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரும் கூட நின்றன. உரிமை முதலிலேயே தைப்பவர்களின் சங்கத்தின் பேரில் இருப்பதற்கும் பிறகு போய்ச் சேர்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

விருப்பாச்சி வாழையிலும் இப்படி ஒன்று உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் அந்தப் பழம், கீழ்மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் வருமானத்துக்கும் இருந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோயால் பெருமளவு அழிந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நச்சுயிரி இல்லாத கன்றுகளைத் திசு வளர்ப்பில் உருவாக்கி, மலைவாழை விவசாயிகளின் கூட்டமைப்போடு சேர்ந்து திரும்ப நடவைத்தது. இங்கே கேள்வி தோட்டத்திலிருந்து வந்தது, பதில் தடியன்குடிசை, கோவை ஆய்வுக்கூடங்கள் வழியாகத் தோட்டத்துக்கே போனது. ஆனால் ஒன்று. தோட்டம் உள்ளவருக்குக் கன்று கிடைத்தது, அதே தோட்டத்தில் கூலிக்கு வாழைத்தார் சுமப்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதாக வராது. விவசாய ஆய்வு நிலம் உள்ளவரை நோக்கியே சாய்ந்திருக்கும். சமூக நீதி என்று பேசும்போது இந்தச் சாய்வையும் சேர்த்துக் கணக்கில் வைக்க வேண்டும்.

சங்கடமான கேள்விகளும் இருக்கின்றன. கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் தொடங்கி 2001-இல் மூடப்பட்டது. மூஞ்சிக்கல் பழைய இரும்புக்கடையில் 7.4 டன் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டதுதான் காரணம். தொழிலாளர்களும் சூழல் அமைப்புகளும் பதினைந்து வருடம் போராடி, 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் சாதாரண மக்களுக்குத் தேவைப்படுவது, எந்தத் தரப்பிடமும் காசு வாங்காமல் மண்ணையும் மீனையும் சிறுநீரையும் சோதித்துச் சொல்லும் ஆய்வுக்கூடம். அதை வேறு யார் தர முடியும்? மாநில அரசுக்கோ பெரிய கம்பெனிக்கோ பிடிக்காத முடிவு வந்தாலும் வெளியிடும் துணிச்சல் இல்லாத பல்கலைக்கழகம், மரக்கன்று நடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மலையை விட்டு இறங்கினால், அம்பாத்துரை ரயில் நிலையத்தருகே காந்திகிராமம். 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் அங்கே முதலில் தொடங்கியது மருத்துவமும் பள்ளியும் கிராமத் தொழிலும். கிராமிய நிறுவனம் 1956-இல் வந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது 1976-இல். வேலை முன்னால், பட்டம் பின்னால். மற்ற இடங்களில் பட்டம் கொடுத்துவிட்டு, பிறகு ‘விரிவாக்கம்’ என்று ஒரு துறையைத் தேடிப் பிடித்து வைக்கிறார்கள். காந்திகிராமத்திலும் இன்று எல்லாம் அன்றுபோல இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பிரசவம் பார்த்த இடத்தில்தான் ஊர்க்காரர் பிறகு படிப்பையும் நம்பினார்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதுகலையில் ஒரு ஆய்வேடு எழுதத்தான் போகிறீர்கள். வழிகாட்டி தரும் தலைப்புக்கு முன்னால் உங்கள் ஊரிலேயே ஒரு தலைப்பு இருக்கிறது. பூம்பாறையில் வயலிலேயே ஒரு கிலோ பூண்டு என்ன விலைக்குப் போகிறது, அதே பூண்டு வடுகபட்டியில் என்ன விலை, கொடைக்கானல் கடையில் என்ன விலை என்று ஒரு பருவம் முழுதும் வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். கமிஷன், சுமைக்கூலி, வண்டி வாடகை எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். எத்தனை பேர் பயனாளராகப் பதிந்திருக்கிறார்கள், பதியாதவர்கள் ஏன் பதியவில்லை என்று வீடு வீடாகக் கேளுங்கள். பெண்கள் பெயரில் நிலம் இல்லாததால் களையெடுத்து, பிடுங்கி, கட்டுக் கட்டி, புகையில் காயவைப்பவர்கள் பயனாளர் ஆக முடியாமல் போகிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். அது இதுவரை சரியாகக் கேட்கப்படாத கேள்வி என்று நினைக்கிறேன். எழுதி முடித்ததும் தமிழில் நான்கு பக்கமாகச் சுருக்கி, வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள். தேர்வுக் குழு கேட்பதைவிட அங்கே கடினமான கேள்விகள் வரும். வந்ததை ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ள இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கும்.